"நம் கண் முன்னால் பழகட்டும்" என்கிறார் கணவர்

கேள்வி: என் கணவர் துறைமுகத்தில் சரக்கு கையாளும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டிலேயே குடிப்பார். அதனால் சண்டை சச்சரவு எதுவும் வந்ததில்லை. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், 16 வயது. சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு வீட்டில், அவன் வயதுப் பையன்கள் இருவர் குடித்துவிட்டு விழுந்து கிடந்தார்கள். அன்றிலிருந்து, "இவனும் ஒருநாள் திருட்டுத்தனமாகக் குடிக்கத்தான் போகிறான், அதற்கு நம் கண் முன்னாலேயே கொஞ்சம் பீர் குடித்து அளவு பழகட்டும்" என்கிறார் கணவர். வெளிநாட்டில் சாப்பாட்டு மேசையிலேயே பிள்ளைகளுக்கு ஒயின் தருவார்கள் என்று என் தம்பியும் அவருக்கு ஒத்து ஊதுகிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதிர்த்துப் பேச விவரமும் போதவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. கொஞ்சம் பீர்கூட வேண்டாம். உங்கள் கணவரின் பயத்தை நான் மதிக்கிறேன். தெருவில் விழுந்து கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அவர் தேர்ந்திருக்கும் வழி, எதற்கு அஞ்சுகிறாரோ அதன் பக்கமே மகனைக் கொண்டுபோய் விடக்கூடியது.

வீட்டில் கொடுத்தால் அளவு பழகும் என்ற நம்பிக்கை ஆஸ்திரேலியாவிலும் பரவலாக இருந்ததால், அங்கே 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பள்ளிப் பருவத்திலிருந்து ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கையால் மது பெற்ற பிள்ளைகள், அடுத்த ஆண்டு வெளியாரிடமும் அதைப் பெறுவது கூடுதலாக இருந்தது. ஒரே அமர்வில் மிகுதியாகக் குடிப்பதும், குடியால் பாதிப்புக்கு உள்ளாவதும் கூடுதலாகவே இருந்தன. இத்தகைய ஆய்வு, இதனால்தான் அது நேர்ந்தது என்று அறுதியிட்டுச் சொல்லாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கணவர் எதிர்பார்க்கும் பாதுகாப்பு அதில் எங்குமே தென்படவில்லை.

தம்பி சொல்வதற்கும் பதில் உண்டு. பிரான்சில் ஒரு காலத்தில் பள்ளி உணவுக்கூடத்திலேயே சிறுவர்களுக்கு ஒயின் ஊற்றினார்கள். 14 வயதுக்கு உட்பட்டோருக்கு அதை 1956இல் அந்த நாட்டு அரசே நிறுத்தியது. இன்று அங்கே 18 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. உலகிலேயே தலைக்கு அதிகமாகக் குடிக்கும் கண்டம் ஐரோப்பாதான் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

சட்டம் இன்னும் கண்டிப்பானது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கவே கூடாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவின்படி, மருத்துவர் சொன்னால் ஒழிய 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பெற்ற தகப்பன் என்பதற்காக அதில் விலக்கு எதுவும் இல்லை.

ராயபுரத்தில் நான் ஆலோசனை தந்துவந்த நாட்களில், 22 வயது இளைஞர் ஒருவரை அவருடைய தாய் அழைத்து வந்தார். கை நடுக்கத்தால் டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டுதான் அவரால் குடிக்க முடிந்தது. முதல் முறை எப்போது என்று கேட்டேன். "ஆயா சாவுல, மாமா பாட்டில் மூடியில ஊத்திக் குடுத்தாரு சார். நான் முகத்தைச் சுளிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க" என்றார். அப்போது அவருக்குப் பதினொரு வயது. அந்த மாமா கெட்டவர் அல்லர், விளையாட்டாகத்தான் கொடுத்திருப்பார். ஆனால் பெரியவர்கள் எல்லாரும் கூடியிருந்து சிரித்த அந்த இடத்தில்தான் மது அந்தச் சிறுவனுக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பொருளாகிவிட்டது. தகப்பன் டம்ளரில் ஊற்றித் தரும்போது அவர் மனத்தில் அளவு இருக்கலாம்; பையன் காதில் அனுமதிதான் விழும். மூளையில் நிதானத்துக்கும் முன்யோசனைக்கும் உரிய பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வயதுப் பிள்ளையிடம் அளவை எதிர்பார்ப்பதே தவறு.

கணவரால் செய்ய முடிந்தது வேறு ஒன்று இருக்கிறது. குடிக்காத ஒரு மாலையில் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டிலின் லேபிளைச் சேர்ந்து படிக்கட்டும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் ஏறத்தாழ 60 கிராம். பல நாடுகளில் ஒரு 'டிரிங்க்' என்று கணக்கிடுவது 10 கிராம்தான். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதிலும் 40 கிராம் இருக்கிறது. கொஞ்சம் பீர் என்று அவர் சொல்வது எவ்வளவு என்பது அப்போது அவருக்கே விளங்கும். தான் எப்போது தொடங்கினார், அதில் எதற்கெல்லாம் வருந்துகிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். பதினாறு வயதுப் பிள்ளைகள் அறிவுரையை உதறினாலும், அப்பாவின் கதையைக் கேட்பார்கள். மகனை அனுப்பிச் சோடாவும் மிக்சரும் வாங்கி வரச் சொல்லும் வழக்கம் இருந்தால், இந்த வாரமே நிறுத்துங்கள். "எங்கே மாட்டிக்கொண்டாலும், எத்தனை மணியானாலும் போன் செய்; திட்டாமல் வந்து அழைத்துக்கொண்டு போவேன்" என்று அப்பா அவனுக்கு வாக்குக் கொடுக்கட்டும், அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் குடியை விட வேண்டும் என்று கணவருக்கே தோன்றினால், 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் என் நான்கு வயது மகளுக்குச் சளி பிடித்தால், ஒரு ஸ்பூன் பிராந்தி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
- வாசகி, காசிமேடு

பதில்: கூடவே கூடாது. மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக்குழாய்கள் விரிவதால் சூடேறியது போலத் தோன்றும். உண்மையில் உடல் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். சளிக்கு அதில் மருந்து எதுவும் இல்லை. சிறு குழந்தைகளுக்கு இரத்தத்தில் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடவும் கூடும். மாமியார் பேத்தி மேல் உள்ள பாசத்தால் சொல்கிறார். எனவே சண்டை வேண்டாம், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் காத்திருக்காமல் உடனே ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.