கேள்வி – பதில்: ஆளி, அசுணம், மகரம்

கேள்வி: தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில், யாளியின் வாய்க்குள் இருக்கும் கல் உருண்டையை என் மகள் விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இந்த விலங்கு எந்தக் காட்டில் இருந்தது?" என்று கேட்டாள். என்ன விடை சொல்லலாம்?
– வாசகி, சேலம்

பதில்: புலவர்கள் பாடிய காட்டில் மட்டும்தான் இருந்தது என்று சொல்லுங்கள், அங்கே அது எப்படி வாழ்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சங்கப் பாடல்களில் அதன் பெயர் ஆளி. நற்றிணை 205ஆம் பாடலில், புலியைக் கொன்ற களிற்றையே அது இழுத்துச் செல்கிறது. பால்குடி மறவாத ஆளிக் குருளை தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றது போல என்று, இளம் கரிகாலனின் வெற்றிக்குப் பொருநராற்றுப்படை உவமை கூறுகிறது. அகநானூறு 381ஆம் பாடலில் வரும் ஆண் ஆளியோ, யானையின் வெண்கொம்பைப் பறித்து உள்ளிருக்கும் குருத்தைத் தின்கிறது. யானைத் தந்தத்தின் அடிப்பகுதி உட்குழிந்து, அக்குழியில் மென்சதை நிறைந்திருக்கும் என்பது உண்மை. ஆகவே ஆளி கற்பனையே ஆனாலும், அதற்கு இந்த இரையைத் தேர்ந்து கொடுத்தவர், இறந்துபட்ட யானையின் கொம்பை அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன்.

இந்தப் பாடல்களில் துதிக்கையைப் பற்றிய பேச்சே இல்லை. சிங்க முகத்தில் துதிக்கை வைத்த யாளியைக் கோயில் தூண்களில்தான் காண்கிறோம். தோற்ற யானையின் உறுப்பையே வென்ற விலங்குக்குச் சிற்பிகள் அணிவித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். உங்கள் மகள் உருட்டிய உருண்டை வெளியிலிருந்து போட்டதன்று. வாயைக் குடையும்போதே அதே கல்லில் செதுக்கி விடுவிக்கப்பட்டது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: சங்கப் பாடல்களில் இசைக்கு மயங்கும் உயிராக வரும் அசுணம் விலங்கா, பறவையா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: பறவை என்று கொள்வோரும் உண்டு. ஆனால் பறையொலி பட்டால் உயிர் வாழாத 'அசுணமா' என்று நான்மணிக்கடிகை கூறுவதால் ('மா' என்றால் விலங்கு), விலங்கு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அகநானூறு 88ஆம் பாடலில், யானையின் மதநீரை மொய்க்கும் வண்டுகளின் ரீங்காரத்தை யாழிசை என்று எண்ணி, மலைப்பிளவில் இருக்கும் அசுணம் செவிசாய்த்துக் கேட்கிறது. இந்த மயக்கமே அதற்கு எமனாகிறது: வேடர் யாழ் மீட்டி அதனை வெளியே வரவழைத்து, அது இசையில் தன்னை மறந்து நிற்கும்போது பறையை அறைந்து கொல்வர் என்பது உரைகாரர் தரும் விளக்கம். யாழை மீட்டுவதும் பறையை அறைவதும் ஒரே கை. நற்றிணை 304இல் தலைவி, தலைவனின் மார்பு அசுணம் கொல்பவர் கைபோல இன்பமும் துன்பமும் உடையது என்கிறாள். இல்லாத ஒரு விலங்கின் சாவை வைத்துப் பிரிவின் வலியை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறொரு வரியை நான் படித்ததில்லை.

கேள்வி: விலங்கும் செடியும் கலந்த உருவம் நம் மரபில் உண்டா?
– வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு. உங்கள் ஊர்க் கோயிலின் மகர தோரணத்தை, அதாவது மகர உருவங்கள் கொண்ட அலங்கார வளைவை, நிமிர்ந்து பாருங்கள். முதலையின் வாயும் யானையின் துதிக்கையும் கொண்ட மகரத்தின் வால், மீன்வாலாக முடியாமல் கொடிக்கருக்காக, அதாவது கொடியும் இலையுமான அலங்காரமாக, சுருண்டு விரியும். உடல் எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட இயலாது.