அம்மாவுக்கு வயது 22: ருவாண்டா இளைஞர்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு

ருவாண்டாவில் ஹுயே என்ற ஊரில் (பழைய பெயர் புட்டாரே) ஆறு வருடம் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் எடுத்தேன். போன வாரம் அதைப் பற்றி இரண்டு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பின்னணி தெரியாதவர்களுக்கு: 1994 ஏப்ரல் 7-ல் தொடங்கி ஏறத்தாழ 100 நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் என்பது அந்த அரசின் கணக்கு. பெரும்பாலோர் டுட்சி என்ற சிறுபான்மை இனத்தார். பெரும்பான்மை இனமான ஹுட்டுகளில் கொலைக்கு உடன்படாதவர்களும் அதில் உண்டு.

"இளைஞர்கள்தான் சமாதானத்தைக் கொண்டுவருவார்கள்" என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். நிஜமா சார்? (திருச்சி, கல்லூரி மாணவர்)

அப்படிப் பொதுவாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. 1994-ல் சாலையில் தடுப்புப் போட்டு, அடையாள அட்டையில் 'டுட்சி' என்று இருந்தவர்களை இறக்கி வெட்டியதில் முன்னால் நின்றது இன்டெரஹாம்வே. அது அன்றைய ஆளுங்கட்சியின் இளைஞர் அணி. வேலை வெட்டி இல்லாத பையன்களைத் திரட்டி, சீருடை, பாட்டு, பியர் எல்லாம் கொடுத்து வளர்த்த கூட்டம். கொலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேலை'. "இன்றைக்கு வேலைக்குப் போனாயா?" என்றால் கொல்லப் போனாயா என்று அர்த்தம்.

அந்த நாட்டில் உமுகாண்டா என்று ஒரு வழக்கம் உண்டு. ஊரே கூடிச் செய்கிற பொதுவேலை. 1970-களில் அரசு அதைக் கட்டாயமாக்கியது. ஆள் சேர்ப்பது, பெயர் எடுப்பது, வராதவனை விசாரிப்பது எல்லாம் ஏற்கெனவே பழகியிருந்தது. 94-ல் அந்தப் பழக்கமே கொலைக்குக் கைகொடுத்தது. இன்று மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலையில் அதே உமுகாண்டா சாக்கடை வெட்டுகிறது, வீடு கட்டுகிறது. ஆக, இளவயதுக்கென்று தனி நல்ல குணம் ஏதும் இல்லை. யார் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஐ.நா. பாதுகாப்பு சபை 2015 டிசம்பரில் 2250-ஆம் தீர்மானம் போட்டு, 18 முதல் 29 வயதுக்காரர்களை அமைதி முயற்சிகளில் சேர்க்கச் சொன்னது. நல்ல விஷயம்தான். ஆனால் ருவாண்டாப் பிள்ளைகள் அதற்கு 19 வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படி என்ன ஆரம்பித்தார்கள்? (பல பேர் கேட்டது)

இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் புட்டாரே பல்கலைக்கழகத்தில், உயிர் தப்பிய 12 மாணவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஏ.ஈ.ஆர்.ஜி. என்பது அதன் சுருக்கப் பெயர். படிப்புக் கட்டணத்துக்கு 1998-ல் அரசு ஓர் உதவி நிதி உண்டாக்கியது. ஆனால் விடுமுறைக்கு விடுதியை மூடினால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? வீடு இல்லை. வீடு இருந்தாலும் உள்ளே ஆள் இல்லை. அதனால் அவர்களுக்குள்ளேயே குடும்பம் அமைத்துக்கொண்டார்கள். விளையாட்டுக்கு அல்ல. பத்திருபது பேர் ஒரு குடும்பம். அதற்கு ஒரு அப்பா, ஒரு அம்மா, தேர்ந்தெடுப்பது பிள்ளைகள். குடும்பத்துக்குப் பெயர் உண்டு, கூட்டம் உண்டு, திட்டு உண்டு.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த வருடம், பட்டமளிப்பு நாளில் ஆறடி உயரப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், இவர் என் அம்மா" என்று ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினான். அந்தப் பெண்ணுக்கு 22 வயது. அவனைவிட இரண்டு வயது சிறியவள். நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. அவள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண், யாருக்கு மலேரியா, யார் யாரிடம் எவ்வளவு கடன் என்று பச்சை மையில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். என் பாடத்தில் தோற்ற இருவர் பெயருக்குக் கீழே இரட்டைக் கோடு. "இவர்களை உங்களிடம் அனுப்பினால் மறுபடி சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டாள். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புதான், வேறென்ன!

கல்யாணம் வந்தால் இந்த 'அப்பா' பெண் கேட்கப் போவார். மாடு எத்தனை என்று பேரம்கூடப் பேசுவார். படிப்பு முடிந்தவர்களுக்கு 2003-ல் தனிச் சங்கம் வந்தது. இரண்டு சங்கமும் சேர்ந்து, வயதான தனியாளாய்க் கிடக்கிற பாட்டிகளுக்கு வீடு பூசித் தந்தார்கள், பசு கொடுத்தார்கள், நினைவிடங்களைக் கழுவினார்கள். யாரும் அங்கே 'நல்லிணக்கம்' என்று ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தன் காலில் நிற்கிற பிள்ளையால்தான் பிறகு எதிர்த்தரப்பு வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச முடிந்தது. இந்த வரிசையை மாற்றி முயன்ற தொண்டு நிறுவனப் பட்டறைகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இதை எப்படிச் சொல்லித் தந்தார்கள்? (மதுரை, ஆசிரியை)

முதலில் சொல்லித் தரவே இல்லை டீச்சர். 94-க்குப் பிறகு பல வருடம் நாட்டு வரலாற்றுப் பாடத்தையே நிறுத்தி வைத்தார்கள். பழைய புத்தகம் முழுக்க விஷம், புதியது எழுத ஆளில்லை. 2016-ல் வந்த பாடத்திட்டத்தில்தான் அமைதிக் கல்வி எல்லாப் பாடங்களிலும் கலந்து நுழைந்தது.

ஆனால் பாடப்புத்தகத்துக்கு முன்பே பிள்ளைகள் ஒரு பாடம் எழுதிவிட்டார்கள். 1997 மார்ச் 18 இரவு, நியாங்கே மேல்நிலைப் பள்ளிக்குள் ஆயுதக் கும்பல் நுழைந்தது. மாணவர்கள் இரவுப் படிப்பில் இருந்தார்கள். "ஹுட்டு ஒரு பக்கம், டுட்சி ஒரு பக்கம் போ" என்றது கும்பல். யாரும் நகரவில்லை. நாங்கள் எல்லோரும் ருவாண்டர்கள் என்றார்கள். சுட்டார்கள், குண்டு வீசினார்கள். ஆறு மாணவர்கள் இறந்தார்கள், பலருக்குக் காயம். பிரிந்து நின்றிருந்தால் ஹுட்டுப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். அது அவர்களுக்கும் தெரியும். இன்று அந்த வகுப்பு மாணவர்கள் நாட்டின் அதிகாரபூர்வ வீரர் பட்டியலில் இருக்கிறார்கள்.

வானொலி நாடகம் போட்டு மனதை மாற்றினார்கள் என்று படித்தேன். நம்புவதா? (சென்னை)

பாதி நம்பலாம். 94-ல் வெறுப்பைப் பரப்பியதே ஆர்.டி.எல்.எம். என்ற வானொலிதான். பிறகு 2004-ல், ரேடியோ ருவாண்டா என்ற வேறொரு நிலையத்தில் 'முசெகெவேயா' என்ற நாடகம் வந்தது. இரண்டு கற்பனை ஊர்கள், நிலத் தகராறு, ஊருக்கு ஒருவராக ஒரு காதல் ஜோடி. அந்த ஜோடி தங்கள் பெரியவர்களை எதிர்த்து, சமாதானத்துக்கென்று இளைஞர் கூட்டணி கட்டுவதுதான் கதை.

எலிசபெத் லெவி பலக் என்ற ஆய்வாளர், ஒரு வருடம் இதைக் கேட்ட குழுக்களையும் வேறொரு சுகாதார நாடகம் கேட்ட குழுக்களையும் ஒப்பிட்டு 2009-ல் முடிவை வெளியிட்டார். ஆட்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ஊரில் எது சரியான நடத்தை என்ற எண்ணம் மாறியிருந்தது. கடைசியில் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு கேசட் பிளேயர் கொடுத்து, யார் வைத்துக்கொள்வது என்று அவர்களையே முடிவு செய்யச் சொன்னார்கள். சுகாதார நாடகக் குழுக்களில் ஒருவர் "ஊர் அதிகாரியிடம் கொடுத்துவிடலாம்" என்பார், பேச்சு முடிந்தது. முசெகெவேயா குழுக்களில் உடனே மறுப்பு வந்தது, "ஏன், நாமே பார்த்துக்கொள்ளலாமே" என்று. அதிகாரி சொன்னார் என்பதற்காக லட்சக்கணக்கானோர் கொல்லப் போன நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

கொன்றவன் பக்கத்து வீட்டில். எப்படி அண்ணா வாழ்கிறார்கள்? (ஈரோடு)

கச்சாச்சா என்ற ஊர் நீதிமன்றங்கள், புல்தரையில் உட்கார்ந்து, 2012 வரை 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை முடித்தன. ஒப்புக்கொண்டவனுக்குத் தண்டனை குறைவு. பலர் அதற்காகவே ஒப்புக்கொண்டார்கள். பல குடும்பங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம், உடல் எந்தக் குழியில் இருக்கிறது என்ற தகவல்.

எனக்குப் பாவமாகத் தெரிந்தது இன்னொரு தரப்பு. அப்பா சிறையில் ஏன் இருக்கிறார் என்று வீட்டில் பொய் கேட்டு வளர்ந்து, பள்ளியில் உண்மையைக் கேள்விப்படுகிற பிள்ளை. அவன் யாரையும் கொல்லவில்லை. ஆனால் தலை நிமிர மாட்டான். இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்து, வாரம் ஒருமுறை, பல மாதம் நடத்துகிற குழுக்கள் உண்டு. முதல் சில வாரங்கள் பெரும்பாலும் மௌனம்தான் என்று நடத்துபவர்கள் சொல்வார்கள்.

ஒருவர் ஹுட்டுவா டுட்சியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (துபாய்)

கேட்காதீர்கள். அடையாள அட்டையில் இப்போது அது இல்லை. மொழி ஒன்று, மதமும் பெரும்பாலும் ஒன்று.

எல்லாம் அரசு காட்டும் கண்காட்சி என்கிறார்களே? (பெயர் வேண்டாம் என்றவர்)

நியாயமான கேள்வி. இன்றைய ஆளுங்கட்சியின் படை அன்று செய்த கொலைகளைக் கச்சாச்சா விசாரிக்கவில்லை. அதில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அழ மேடை இல்லை. கிஸிட்டோ மிஹிகோ என்ற பாடகர் இனப்படுகொலையில் தப்பியவர், அப்பாவை இழந்தவர். பள்ளிகளிலும் சிறைகளிலும் இளைஞர்களோடு சமாதானப் பணி செய்தவர். 2014-ல், மற்ற தரப்பு இறந்தவர்களுக்கும் இரங்கி ஒரு பாட்டுப் பாடினார். அடுத்து கைது, 10 வருடத் தண்டனை. 2018-ல் விடுதலை. 2020 பிப்ரவரியில் மறுபடி கைதாகி, காவல் நிலைய அறையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் ஏற்கவில்லை. இளைஞர் தலைமை என்றால் எவ்வளவு தூரம் வரை என்ற எல்லைக் கோடு அங்கே இருக்கிறது. என் மாணவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள்.

இலங்கைக்கு இது பொருந்துமா? (கிளிநொச்சி)

அப்படியே பொருந்தாது. அங்கே கொலையை நிறுத்திய தரப்பே ஆட்சிக்கு வந்தது, விசாரணையும் அவர்கள் கையில். உங்களிடம் அந்தச் சூழல் இல்லை. ஆனால் உங்கள் ஊரிலும் வவுனியாவிலும் 2017 முதல் தெருவில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார் கேட்பதும், கச்சாச்சா புல்தரையில் பலர் கேட்டதும் ஒன்றுதான்: என் பிள்ளை எங்கே? அந்தப் பதில் வராமல் இளைஞர் முகாம் நடத்தி ஒப்பேற்ற முடியாது என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் கிகாலி போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (பெங்களூரு)

ஏப்ரல் 7-லிருந்து குவிபுகா, அதாவது 'நினைவுகூர்'. அந்த வாரம் கல்யாணம், கச்சேரி கிடையாது. நினைவுக் கூட்டத்தில் யாராவது திடீரென்று அலறுவார்கள். அதை இஹாஹாமுகா என்பார்கள். பயப்படாதீர்கள், ஓடிப்போய்த் தூக்கவும் வேண்டாம். அதற்கென்றே பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஓரமாக நிற்பார்கள், மெதுவாக அழைத்துப் போவார்கள். இப்போது நினைவிடமாக இருக்கிற நியாமாட்டா தேவாலயத்துக்குப் போனால் பெஞ்சுகளில் இறந்தவர்களின் துணிகள் குவிந்திருக்கும். உள்ளே கேமரா எடுக்க வேண்டாம். அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், குடை அவசியம். ஏப்ரல் முழுக்க மழை.