போர்டைப் பார்த்து வீட்டை ஒப்படைப்பதற்கு முன்: கேள்வி பதில்

வீடு விற்று, வாங்கித் தரும் தொழிலில் 22 வருடமாக இருக்கிறேன். முதல் 9 வருடம் பெரிய நிறுவனம். அப்புறம் மூன்றே பேர் இருக்கும் எங்கள் சொந்த அலுவலகம். ஏஜென்சி பிடிப்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

மாடிவீடு: அக்கா, வீட்டை விற்கப் போகிறோம். எங்கே பார்த்தாலும் போர்டு வைத்திருக்கும் பெரிய ஏஜென்சியிடம் கொடுப்பதா, தெருமுனையில் இருக்கும் சின்ன ஏஜென்சியிடமா?

பெரிய இடத்தில் நான் சேர்ந்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சீனியர் ஒரு வீட்டுக்குப் போய், லேப்டாப்பில் படம் படமாகக் காட்டி, கையெழுத்தோடு வந்தார். மறுநாள் காலை அந்த ஃபைல் என் மேசையில் இருந்தது. வீட்டை நான் பார்த்ததே இல்லை. முதல் பார்ட்டியை அழைத்துப் போனால் கதவு திறக்கவில்லை. சாவியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துத் திருக வேண்டுமாம். வீட்டுக்காரர் சீனியரிடம் சொல்லியிருக்கிறார், சீனியர் என்னிடம் சொல்லவில்லை. இருபது நிமிடம் வெயிலில் நின்ற பார்ட்டி, அடுத்த வாரம் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டது.

அதனால் கேட்க வேண்டியது இதுதான்: கையெழுத்து வாங்க வந்தவரே வீட்டைக் காட்டவும் வருவாரா? இப்போது அவர் கையில் எத்தனை வீடு இருக்கிறது? சின்ன இடத்திலும் கேளுங்கள். அங்கே ஃபோன் எடுப்பதும் போட்டோ எடுப்பதும் ஒரே ஆளாக இருப்பார். அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் உங்கள் வீடும் படுத்துவிடும். பெரிய இடத்தில் மாற்று ஆள் உண்டு, விளம்பரத்துக்குப் பணம் உண்டு, காகித வேலைக்குத் தனி மேசை உண்டு.

இன்னொன்று. சென்ச்சுரி 21, ரீமேக்ஸ் போன்ற உலகப் பெயர்களில் இயங்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் உரிமம் வாங்கி நடத்தப்படும் தனி ஆட்களின் அலுவலகங்கள். போர்டு பெரிதாக இருக்கும், உள்ளே ஆறு நாற்காலிதான் இருக்கும்.

எங்கே போனாலும் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.

புதுப்பானை: சின்ன ஏஜென்சியில் கமிஷன் குறைப்பார்களா?

கேட்டுப் பாருங்கள். முதலாளியே எதிரில் உட்கார்ந்திருப்பதால் அங்கேயே பதில் கிடைக்கும். பெரிய இடத்தில் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். போட்டோ, விளம்பரச் செலவு கமிஷனுக்குள் அடக்கமா என்பதையும் கேளுங்கள்.

கணக்கன்: வீட்டுக் கடன் வட்டி இறங்குமா மேடம்?

வங்கியில் கேளுங்கள்.

மூன்றாம்தெரு: மூன்று பேரிடம் விலை கேட்டோம். இரண்டு சின்ன ஏஜென்சிகள் கிட்டத்தட்ட ஒரே விலை சொல்கிறார்கள். பெரிய ஏஜென்சி 15% கூட்டிச் சொல்கிறது.

பக்கத்தில் அதே மாதிரி வீடுகள் சமீபத்தில் என்ன விலைக்கு விற்றன என்று காட்டச் சொல்லுங்கள். கேட்ட விலை அல்ல, விற்ற விலை. காட்டவில்லை என்றால் அந்த 15% உங்கள் கையெழுத்துக்குப் போட்ட தூண்டில். நான்கு வாரம் கழித்து 'மார்க்கெட் டல், குறைத்துக்கொள்ளலாமா' என்று ஃபோன் வரும். புதிதாக வரும் வீட்டை முதல் சில வாரங்களில்தான் எல்லோரும் ஆர்வமாகப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் வருபவர், இன்னும் ஏன் விற்கவில்லை, என்ன கோளாறு என்றுதான் ஆரம்பிப்பார்.

சாவிக்கொத்து: நான் பெரிய நிறுவனத்தில் 12 வருடமாக ஏஜென்ட். எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் மேடம். எங்களிடம் காத்திருக்கும் பார்ட்டிகள் உண்டு, அதனால் கூட்டிச் சொல்கிறோம். சீக்கிரம் தள்ளிவிட வேண்டும் என்று குறைத்துச் சொல்வது சின்னவர்கள்தான்.

தள்ளிவிடுகிற ஆசை எல்லா ஏஜென்டுக்கும் உண்டு, சார். லெவிட், சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிகாகோவை ஒட்டிய பகுதிகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளைப் பார்த்தார்கள். ஏஜென்டுகள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7% கூடுதல் விலை வாங்கியிருந்தார்கள். ஏன் என்று கணக்குப் போட்டால் தெரியும். விலை ஒரு லட்சம் கூடினால், 2% கமிஷனில் 2,000. அலுவலகத்தோடு பாதிப் பாதி என்றால் ஏஜென்ட் கைக்கு 1,000. அதற்காக இன்னும் இரண்டு வாரம் யார் அலைவார்?

அப்புறம், காத்திருக்கும் பார்ட்டி என்றீர்களே, அவர் யாருடைய ஆள்? விற்பவரும் வாங்குபவரும் உங்கள் அலுவலகம் என்றால் இரண்டு பக்கக் கமிஷனும் உங்களுக்கே. விலை பேசும்போது யார் பக்கம் நிற்பீர்கள்?

சாவிக்கொத்து: எங்களிடம் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு ஏஜென்ட். சின்ன ஏஜென்சியில் ஒரே ஆள் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அதைச் சொல்ல மாட்டீர்களே!

சொல்கிறேன், உண்மைதான். மூன்று பேர் உட்காரும் அறையில் நடுவே சுவர் எழுப்ப முடியாது. அமெரிக்காவில் கொலராடோ, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் ஒருவரே இரு தரப்புக்கும் வக்காலத்து வாங்கச் சட்டம் விடுவதில்லை. நடுநிலையாக நின்று முடித்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். நான் இரு தரப்புக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவேன். படித்துவிட்டு வேறு ஆளைப் பிடித்தவர்களும் உண்டு. ஆனால் உங்கள் இரண்டு ஏஜென்டுக்கும் மேனேஜர் ஒருவர்தானே?

சாவிக்கொத்து: ஒருவர்தான். :)

வெள்ளைச்சுவர்: பெரியதா, சின்னதா, எது நல்லது மேடம்?

மேலே முதல் பதில்.

நிழல்: பெரிய ஏஜென்சியை நம்பலாமா?

மேலே. சாவிக் கதை.

தவிப்பு: பெரிய ஏஜென்சியிடம் ஆறு மாத ஒப்பந்தம். இரண்டு மாதமாக ஒருவரும் வரவில்லை. சின்ன புரோக்கர் ஒருவர் பார்ட்டி இருக்கிறது என்கிறார். அவர் மூலம் விற்கலாமா?

அவர்களுக்கு மட்டுமே உரிமை கொடுத்த ஒப்பந்தமா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், யார் விற்றாலும் அவர்களுக்குக் கமிஷன் போகலாம். நீங்கள் இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கும். ஒப்பந்தம் முடிந்த பிறகும், அவர்கள் ஏற்கெனவே வீட்டைக் காட்டிய ஆள் வாங்கினால் கமிஷன் உண்டு என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். அவர்கள் யார் யாருக்குக் காட்டினார்கள் என்று பெயர்ப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். விடுவிக்கச் சொல்லியும் கடிதம் கொடுங்கள். ஃபோனில் சொன்னது காற்றோடு போகும். இதற்குத்தான் முதலிலேயே தேதி, தேதி என்று அடித்துக்கொண்டேன்.

வரப்பு: காலி மனை விற்க?

எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று நடந்து போய்க் காட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் சின்ன ஆளாகத்தான் இருப்பார்.

ஒட்டுத்திண்ணை: அக்கா, பெரியதா சின்னதா...

மேலே!

சாவிக்கொத்து: கடைசியாக ஒன்று மேடம். உங்கள் சொந்த வீட்டை யாரிடம் கொடுப்பீர்கள்?

அம்மா வீட்டை விற்றபோது நானே செய்யவில்லை, விலை பேசும்போது எனக்குக் கை நடுங்கும். ஒரு பெரிய நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்தேன். அவள் கையில் அப்போது நான்கே வீடுதான். ஒப்பந்தத்தில் 180 நாள் என்று அச்சடித்திருந்தது. அடித்துவிட்டு 90 என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.