வங்கிக்குள்ள நிண்ட பிள்ளையிட்டக் கேளுங்கோ

போன இதழில, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில சோளகக் காலம் முழுக்கப் பயிற்சிக்கு நிண்டனான் எண்டு சின்னக் குறிப்பொண்டு எழுதினனான், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு நினைக்கேல்லை. எல்லாத்துக்கும் இஞ்ச இடம் காணாது, கனபேர் கேட்டதைத் தெரிஞ்செடுத்திருக்கிறன். எந்த வங்கி எண்டு மட்டும் கேக்காதேங்கோ, அங்க வந்த சனத்தின்ர கதையும் இதுக்குள்ள வருது, அவையை ஆரும் அடையாளம் பிடிக்கக் கூடாது.

கேள்வி (மல்லாவி, ஏ.எல். வணிகப் பிரிவு மாணவி): அக்கா, பயிற்சிக்குப் போனா உண்மையா வேலை பழக்குவினமோ, இல்லாட்டி போட்டோக்கொப்பி அடிக்கவும் பைல் தூக்கவும் தான் விடுவினமோ?

தங்கச்சி, போட்டோக்கொப்பியும் இருக்கு, பைலும் இருக்கு. போன உடனயே இரகசியம் காப்பன் எண்டு கையெழுத்து வாங்குவினம், ஆற்ற கணக்கில எவ்வளவு கிடக்கு எண்டு வீட்டில அம்மாவுக்குக் கூட வாய் திறக்கேலாது. காசில கை வைக்க விடமாட்டினம், கொம்பியூட்டருக்குப் பாஸ்வேர்ட் தரமாட்டினம், பெட்டகத்தை ரெண்டு பேர் ரெண்டு திறப்போட தான் திறப்பினம். இதை எங்களை நம்பாத குறை எண்டு எடுக்கக் கூடாது, ஒராளை மட்டும் நம்பி ஒரு வேலையும் விடுறேல்லை எண்டது அங்க மனேஜருக்கும் உள்ள சட்டம்.

பின்னேரம் கதவு பூட்டின பிறகு தான் நல்ல படிப்பு நடக்கும். கவுண்டர் அக்கா காசை எண்ணி, ஸ்லிப்பெல்லாம் அடுக்கி, கொம்பியூட்டர் சொல்லுற தொகையோட ஒப்பிட்டுப் பாப்பா, 100 ரூபா இடிச்சாலும் திரும்ப முதல்ல இருந்து எண்ணோணும், கடைசி வரைக்கும் குறைஞ்சா அவவின்ர கையால தான் போடோணும். வரவு செலவு எண்டு ரெண்டு பக்கமும் கீறி நாங்கள் படிச்ச படிப்பு என்னத்துக்கு எண்டு அந்த மேசையடியில நிண்டு பாத்தா விளங்கும்.

ஆனா நீங்கள் கேட்டு வாங்கவேண்டிய இடம் வேற. போம் நிரப்பிற மேசை. அதில இருக்க ஒருத்தருக்கும் விருப்பமில்லை, நான் எண்டா அதைத் தான் முதல்ல கேப்பன். அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசு விழுற நாளில விடியவே வரிசை நிக்கும், கண் மங்கின அப்பு ஆச்சிமார், கைநாட்டு வைக்கிறாக்கள், போமைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு கேக்க வெக்கப்பட்டு நிக்கிறாக்கள், எல்லாரும் அந்த மேசைக்குத் தான் வருவினம். 2025 ஏப்ரலில இருந்து வைப்பு வட்டியில பிடிக்கிற வரி 5 வீதத்தில இருந்து 10 வீதமாப் போச்சு. வருசத்துக்கு 18 இலட்சத்துக்கு மேல வருமானம் இல்லாதாக்கள் ஒரு பிரகடனப் போம் எழுதிக் குடுத்தா அதைப் பிடிக்காமல் விடுவினம், ஆனா அது தெரியாமல் வட்டி குறைஞ்சு போச்சு எண்டு வந்து கவலைப்படுற வயதானாக்கள் எத்தினை பேர். அவைக்குப் பக்கத்தில இருந்து வாசிச்சுச் சொல்லி எழுதிக் குடுக்க ஒரு ஆள் வேணும், அங்க வேலை செய்யிறாக்களுக்கு அதுக்கு நேரமே இல்லை, பயிற்சிக்குப் போற பிள்ளைக்கு இருக்கு.

கேள்வி (ஒட்டுசுட்டான், ஒரு அம்மா): பிள்ளை, வங்கியில நகை அடைவு வைக்கேக்க நிறையைக் குறைச்சுப் போடினம் எண்டு ஊரில கதைக்கினம். நீ உள்ளுக்கு நிண்டனி, சொல்லு, உண்மையோ?

அம்மா, நான் கண்டதைச் சொல்லுறன். நகையை உங்களுக்கு முன்னால தான் நிறுப்பினம், தராசில விழுற இலக்கம் உங்கட கண்ணுக்கும் தெரியோணும், தெரியாட்டிக் கேளுங்கோ, கேக்கிறதில ஒரு பிழையும் இல்லை. 1 பவுண் எண்டா 8 கிராம். பேந்து உரைகல்லில உரைச்சு அசிட் விட்டுத் தங்கத்தின்ர மாற்று, அதாவது தரம், பாப்பினம். கல்லு வச்ச நகையெண்டாக் கல்லின்ர நிறையைக் கழிப்பினம், பழைய சாமானுக்குள்ள அரக்கு இருந்தாலும் கழிப்பினம், வீட்டில நீங்கள் நினைச்ச நிறையும் சீட்டில எழுதிற நிறையும் ஒத்துவராததுக்குக் கூடுதலா அது தான் காரணம்.

நிறையை விட எனக்குப் பயமா இருந்தது சீட்டில இருக்கிற திகதி. தவணை முடிஞ்சும் மீட்காட்டிக் கடிதம் போடுவினம், அதுக்கும் வராட்டி ஏலத்துக்கு விடுவினம், இஞ்ச எங்கட சனம் எத்தினை இடம் மாறி மாறி இருந்து வந்ததுகள், கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்க் கிடக்கும். வீடு மாறினாலும் போன் நம்பர் மாறினாலும் உடன போய் எழுதிக் குடுங்கோ. முழுக்க மீட்கக் காசில்லாட்டி வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாமோ எண்டும் தவணை முடிய முதல் போய்க் கேளுங்கோ, முடிஞ்ச பிறகு கேட்டா வழி குறைவு.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கிட்ட, வைகாசியில, மீட்கிற சனம் அள்ளுப்படும், பொங்கல் முடிய அதே சங்கிலி அதே காப்பு திரும்பி வரும், சிறுபோகத்துக்கு உரம் வாங்கோணும், பிள்ளைக்கு ரியூசன் காசு கட்டோணும். இதைப் பாத்து நக்கலாக் கதைச்சாக்களும் இருக்கினம், எனக்கு அது பிடிக்கேல்லை. கோயிலுக்கு ஒருக்காப் போட்டுக்கொண்டு போக ஆசைப்பட்டுக் கஷ்டப்பட்டு மீட்ட அந்த மனுசியை நான் மதிக்கிறன்.

கேள்வி (விசுவமடு, ஒரு தம்பி): அக்கா, அங்க நிண்டதில உங்களை ஆகலும் யோசிக்க வச்சது எது?

கடன் மேசை, தம்பி. மாடு வாங்க, தையல் மெசின் வாங்க எண்டு வாற பெண்கள் தான் கூட, வட்டி குறைவு எண்டு வங்கிக்கு வருவினம். வங்கி முதல்ல செய்யிறது கிரிப் அறிக்கை எடுக்கிறது. கிரிப் எண்டது 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த கடன் தகவல் நிலையம், எந்த வங்கியில எந்த லீசிங் கொம்பனியில (வாகனம், மெசின் தவணைக்குக் குடுக்கிற இடம்) எவ்வளவு கடன், ஒழுங்காக் கட்டினதோ இல்லையோ எல்லாம் அதில விழும். எங்கட ஆக்களுக்குத் தெரியாத விசயம் என்னெண்டா, மற்றாளுக்குப் பிணை நிண்டதும் அதில விழும். ஒரு அக்கா வந்தவ, தன்ர பேரில ஒரு சதம் கடனில்லை, ஆனா சொந்தக்காரர் ஒராளின்ர லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்து வச்சவ, அந்தாள் கட்டாமல் விட்டிட்டுது. சும்மா சாட்சிக்குத் தானே தம்பி வைக்கச் சொன்னவங்கள் எண்டு கடன் மேசைத் தம்பியிட்டச் சொல்லி அழுதா. உங்கட அறிக்கையை நீங்களே எடுத்துப் பாக்கலாம், ஆருக்கும் கையெழுத்து வைக்க முதல் அதையும் யோசியுங்கோ.

மற்றது வட்டி. குழுவாச் சேர்த்து வீட்டு வாசலுக்கு வந்து நுண்கடன் குடுக்கிறாக்கள் 24 வீதம் எண்டு சொல்லுவினம், வங்கியிலயும் சில கடனுக்கு 24 வீதம் எண்டு சொன்னா ரெண்டும் ஒண்டு தானே எண்டு சனம் நினைக்குது. 1 இலட்சம் எடுத்து 12 மாதத்தில கட்டிறது எண்டு வையுங்கோ. குறைஞ்சு வாற முதலுக்கு மட்டும் வட்டி போட்டா மாதம் 9,456 ரூபா, வருசத்துக்கு வட்டி 13,500க்குக் கிட்ட. பிளாட் எண்டு சொல்லி முழு இலட்சத்துக்கும் கடைசி மாதம் வரைக்கும் வட்டி போட்டா மாதம் 10,333, வட்டி மட்டும் 24,000. ஆறு மாதத்தில அரைவாசி முதலைக் கட்டி முடிச்சிருப்பம், ஆனா கட்டின காசுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சரியாக் கணக்குப் பாத்தா அது வருசத்துக்கு 40 வீதத்தையும் தாண்டும். 2018ல வறட்சி பட்ட மாவட்டங்களில பெண்கள் எடுத்த 1 இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யிற அளவுக்கு நிலைமை போனது, அதுக்குப் பிறகும் வாசலுக்கு ஆக்கள் வந்துகொண்டு தான் இருக்கினம். கடன் மேசை சேர் ஒரு தாளில இந்தக் கணக்கைப் பெரிசா எழுதச் சொன்னார், நான் எழுதி அந்த மேசையில வச்சு வாறாக்களுக்கெல்லாம் காட்டினனான். காட்டினா எல்லாரும் உடன விளங்குவினம், இதை ஏன் எங்களுக்கு ஆரும் முதலே சொல்லேல்லை எண்டு தான் கேப்பினம்.

கேள்வி (வவுனியா): சம்பளம் தருவினமோ?

இடத்துக்கு இடம் வேற. சில இடத்தில சின்னக் கொடுப்பனவு, சில இடத்தில கடிதம் மட்டும். போக முதல் கேட்டிட்டுப் போங்கோ, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில தான் கேக்கவேண்டி வரும்.

கேள்வி (கிளிநொச்சி, பல்கலைக்கழக மாணவன்): கொழும்பில தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போடட்டோ, இல்லாட்டி ஊர்க் கிளையே காணுமோ?

பீடத்தில கடிதம் எடுத்துக்கொண்டு ஊர்க் கிளை மனேஜரிட்ட நேர போங்கோ தம்பி, அவர் மேலிடத்துக்கு அனுப்பி அனுமதி எடுப்பார், அதுக்கு நாள் எடுக்கும், சோதனை முடிய முதலே தொடங்கோணும். கொழும்பில ஒரு பிரிவில இருந்து ஒரு வேலையைத் தான் காணுவீங்கள். இஞ்ச சின்னக் கிளையில அடைவு, கடன், வைப்பு, ஏ.டி.எம் மெசின் காட்டை விழுங்கினது வரைக்கும் ஒரே ஹோலுக்குள்ள நடக்கும். மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்புச் சனத்தோட கதைச்சு வேலை பழகின ஆளுக்கு நாளைக்கு எங்கயும் கதைக்கலாம். சிங்களம் கொஞ்சமாவது படிச்சுக்கொண்டு போங்கோ, மேலிடத்தோட கதைக்கேக்க தேவைப்படும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, ஒரு சகோதரி): என்ர மனுசன்ர பேரில சண்டைக்கு முந்தின வங்கிக் கணக்கொண்டு இருந்தது. அவர் 2009ல காணாமல் போனவர். புத்தகமும் துலைஞ்சுது. அந்தக் காசு இனி இல்லை எண்டு தான் எல்லாரும் சொல்லுகினம்.

அக்கா, அப்பிடி முடிவெடுக்காதேங்கோ. 10 வருசம் ஒருத்தரும் தொடாத கணக்கின்ர காசை வங்கிகள் மத்திய வங்கிக்கு மாத்தும், ஆனா உரிமையுள்ளாக்கள் அந்த வங்கிக்கூடாகவே கேட்டுத் திருப்பி எடுக்கலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதாக்களுக்கு, காணாமல்போனவர் எண்டு குடுக்கிற சான்றிதழுக்கு 2016ல சட்டம் வந்தது, அதை வச்சும் விண்ணப்பிக்கலாம். நான் நிண்ட கிளைக்கு இதே அலுவலா ஒரு அம்மா வந்தவ, அங்க வேலை செய்யிற மிஸ் ஒராள் அவவைக் கவுண்டரில நிக்க விடாமல் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தித் தான் கதைச்சவ, நீங்களும் போனா மனேஜரைத் தனியாக் கதைக்கோணும் எண்டு கேளுங்கோ. கணக்கு நம்பர் தெரியாட்டியும் பரவாயில்லை, அவற்ற முழுப்பேர், பழைய அடையாள அட்டையில இருந்த 9 இலக்கமும் கடைசி எழுத்தும், அந்த நேரம் இருந்த விலாசம், எந்தக் கிளை, இவ்வளவும் தெரிஞ்சாத் தேடலாம். கலியாணப் பதிவும் உங்கட அடையாள அட்டையும் கொண்டு போங்கோ. அந்தக் கிளை இப்ப வேற இடத்துக்கு மாறியிருந்தாலும் அதே வங்கியின்ர கிட்ட இருக்கிற கிளையில குடுக்கலாம், குடுக்கிற கடிதத்தின்ர கொப்பியில திகதியோட சீல் குத்தி வாங்கி வையுங்கோ.