ஓடினால் ஆறுகிறது, நின்றால் ஏறுகிறது: லாரி எஞ்சினுக்கு என்ன குறை?

கேள்வி: என்னிடம் 2021 மாடல் பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டிரெய்லர் வண்டி இருக்கிறது. நாமக்கல்லில் இருந்து சென்னைக்குக் கன்டெய்னர் ஓட்டுகிறேன். போன வருடம் வெளியில் கொடுத்துக் கேபினுக்கு ஏசி போட்டேன். ரோட்டில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. மணலிப் பக்கம் வரிசையில் ஏசியோடு இரண்டு மணி நேரம் நின்றால் முள் மேலே ஏறிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? வரிசையில் எஞ்சினை அடிக்கடி அணைத்துப் போட்டால் வண்டி கெடுமா?

பதில்: தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்திலேயே நோய் எங்கே என்பதற்கான துப்பு இருக்கிறது. ஓடும்போது ஆறுகிறது, நிற்கும்போது ஏறுகிறது. முதலில் அதைப் பிடித்துக்கொள்வோம்.

சும்மா நின்று ஓடும் டீசல் எஞ்சின் பெரிதாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. லோடோடு மேடு ஏறும்போது எரியும் டீசலில் ஒரு சிறு பங்குதான் அப்போது எரிகிறது. அதனால் கத்திரி வெயிலில் நிழலே இல்லாமல் நின்றாலும், நல்ல நிலையில் உள்ள வண்டி மணிக்கணக்கில் தாங்க வேண்டும். "மே மாதம், வெயில் அதிகம், அதான்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வெயில் குறையை வெளியே காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். ஃபேன் வேலை செய்யாவிட்டாலும் தெரியாது. நின்றுவிட்டால் காற்றை இழுக்க ஃபேன் ஒன்றுதான் துணை. ஆகவே நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால் காற்றுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்: ஃபேன், அதைச் சுற்றியுள்ள கவர், அடைபட்ட சந்துகள். மேடு ஏறும்போது மட்டும் ஏறினால் தண்ணீர்ப் பக்கம்: ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்திருக்கும், அல்லது வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கும். எப்போதும் ஏறினால், ரிசர்வ் டேங்கில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) வரை போக வேண்டியிருக்கும். உங்களுடையது முதல் வகை.

ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஓடும்போது, வண்டிக்கு முன்னால் நின்று கிரில் மேல் ஒரு முழுத் தாளை விரித்து வைத்துக் கையை எடுங்கள். தாள் கிரில்லோடு ஒட்டி நிற்க வேண்டும். நழுவிக் கீழே விழுந்தால் ஃபேன் காற்றை இழுக்கவில்லை, அல்லது காற்று வேறு வழியாகப் போகிறது. காசு செலவில்லாத சோதனை, ஆனால் இதைச் செய்து பார்க்கும் பட்டறைகள் குறைவு.

லாரிகளில் இப்போது பெரும்பாலும் விஸ்கஸ் ஃபேன்தான் வருகிறது. ஃபேனின் நடுவில் இருக்கும் வட்டமான டிரம்முக்குள் சிலிகோன் எண்ணெய் இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால், முன்னால் இருக்கும் சுருள் பட்டை விரிந்து உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் போய்ப் பிடித்துக்கொள்ளும், ஃபேன் வேகம் எடுக்கும். 'ஹூ' என்று காற்றுச் சத்தம் கேட்பது அப்போதுதான். பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்கென ஒரு ஒயர் டிரம்முக்குப் போகும். அந்த ஒயரை எலி கடித்தாலோ சாக்கெட் கழன்றாலோ ஃபேன் சரியான வேகத்தில் சுற்றாது.

எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக இழுத்துப் பிடிக்கிற உணர்வு இருக்க வேண்டும். சைக்கிள் சக்கரம் மாதிரித் தளர்வாகப் பல சுற்று சுற்றினால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். டிரம்மைச் சுற்றிக் கறுத்துப் பிசுபிசுத்த கோடுகள் தெரிந்தாலும் அதே கதைதான். ரிப்பேர் செய்து பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

ஃபேன் சரியாக இருந்தால் அடுத்தது அழுக்கு. முன்னால் ஏசி கன்டென்சர், அதற்குப் பின்னால் இன்டர்கூலர் (டர்போ எஞ்சினுக்குத் தள்ளும் காற்றை ஆற்றுவது), அதற்கும் பின்னால் ரேடியேட்டர் என்று மூன்று அடுக்கு இருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் முதல் அடுக்கு பளிச்சென்று இருக்கும். அழுக்கு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஒரு முறை மக்காச்சோளம் ஏற்றுகிற வண்டியில் இன்டர்கூலரைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். உமி, கோழி இறகு, சாலைப் புழுதி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரே படலமாக இருந்தது. விரலால் பிடித்து இழுத்தேன், இரண்டு சாண் அளவுக்குக் கிழியாமல் உரிந்து வந்தது. அந்த டிரைவர் வாரம் தவறாமல் முன்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவியவர். முன்னாலிருந்து அடித்த தண்ணீர் அழுக்கை இன்னும் உள்ளே தள்ளி இறுக்கியதுதான் மிச்சம்.

அதனால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். மெல்லிய அழுத்தம் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைப் பக்கத்தில் வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி, அழுக்கு செய்த வேலையை மடங்கிய தகடு செய்யும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுப் பிறகு அடியுங்கள்.

உங்கள் வண்டியில் எனக்கு அதிகச் சந்தேகம் வெளியில் போட்ட ஏசி மேல்தான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம். கம்பெனியிலேயே ஏசியோடு வரும் வண்டியில் அந்தச் சூட்டையும் கணக்கில் வைத்தே ரேடியேட்டரும் ஃபேனும் கொடுத்திருப்பார்கள். உங்களுடையது அப்படி இல்லை. கேபினில் இருந்து எடுத்த சூட்டைக் கன்டென்சர் காற்றில் விடுகிறது, அந்தச் சூடான காற்றுதான் பின்னால் ரேடியேட்டருக்குள் போகிறது. அதோடு, கன்டென்சரை மாட்டும்போது இடம் போதாமல் ரேடியேட்டர் ஓரத்து ரப்பர்ப் பட்டைகளை வெட்டி எடுத்திருக்கலாம். ஃபேன் கவரில் ஒரு மூலையை அறுத்திருக்கலாம். பார்க்கச் சின்ன ஓட்டைதான். ஆனால் வண்டி நிற்கும்போது எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று அந்த ஓட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடியும் முன்பக்கம் வந்துவிடும். ஃபேன் அதே சூட்டையே திரும்பத் திரும்ப இழுக்கும். டார்ச் அடித்து நான்கு ஓரத்தையும் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் கெட்டியான ரப்பர் ஷீட் வெட்டி அடைத்துவிடுங்கள்.

இப்போது தெர்மோஸ்டாட். எஞ்சினை ஆற்றச் சுற்றிவரும் கூலன்ட் ஏறக்குறைய 80 டிகிரியைத் தாண்டியதும் அது திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்ச்சிக்காகச் செய்த வேலை சூட்டைக் கூட்டும். காலை நேரத்தில் எஞ்சின் சூடாகாமல் டீசலும் கூடுதலாகக் குடிக்கும். சந்தேகமாக இருந்தால் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் புதியது போடுங்கள்.

கூலன்டை மறந்துவிடாதீர்கள். வழியில் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் பக்கம் அதிகம். அந்த உப்பு உள்ளே படிந்தால் பிறகு எதைக் கழுவியும் பயனில்லை. டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று கேபினில் இருக்கட்டும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 1 பார் அழுத்தத்தைப் பிடிக்கிற மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. வாஷர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால் 100-லேயே கொதித்து வழிந்துவிடும்.

வரிசையில் நிற்கும்போதே முள் ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். கேபினில் ஹீட்டர் இருந்தால் முழு வேகத்தில் போடுங்கள், வேர்த்துக் கொட்டினாலும் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாகப் போகும். கியரை நியூட்ரலில் வைத்து, 600-ல் ஓடும் ஆர்பிஎம்மை 1000-க்கு ஏற்றி இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் வேகம் எடுக்கும். முள் இறங்கினால் பிழைத்தோம். சிவப்பைத் தொட்டாலோ, கூலன்ட் வழிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, கை வைத்தால் கை தாங்கும் வரை காத்திருங்கள். சூடான எஞ்சின் மேல் பக்கெட் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

கடைசிக் கேள்வி. தாராளமாக அணைத்துப் போடலாம். பத்து நிமிடத்துக்கு மேல் நகராது என்று தெரிந்தால் அணைப்பதுதான் நல்லது. டர்போவுக்காக இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடச் சொல்வது லோடோடு ஓட்டி வந்து நிறுத்தும்போது. ஏற்கெனவே ஐடிலில் நிற்கிற வண்டிக்கு அது தேவையில்லை. அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தால் முள் கொஞ்சம் ஏறியிருக்கும், பயப்படாதீர்கள். பம்ப் நின்றதால் எஞ்சின் உடம்புச் சூடு தண்ணீருக்கு இறங்குகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் இறங்கிவிடும்.

உங்களுடையது பிஎஸ்6 என்பதால் இன்னொன்றும் உண்டு. மணிக்கணக்கில் ஐடிலில் ஓடினால் சைலன்சர் ஃபில்டரில் புகைக்கரி சேரும். அதை எரிக்க வண்டி ரீஜெனரேஷன் கேட்கும். நின்ற இடத்திலேயே அதைச் செய்யும்போது ஆர்பிஎம் ஏறிவிடும், சைலன்சருக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு போகும். அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் காய்ந்த புல், வைக்கோல், கழிவுப் பஞ்சு எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.