மசித்துச் சாப்பிட்டுச் சமாளிக்காதீர்கள்

ஏப்பம், நாக்கில் வெள்ளைப் படிவு, காலையில் தொண்டைக் கரகரப்பு. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் பாதி இவைதான். இவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கடைசி நான்கு வரிகளைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். வயது 56. மூன்று மாதமாகக் கவளம் நெஞ்சில் நிற்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சை நீவி, தண்ணீர் குடித்துத் தள்ளுகிறீர்கள். இப்போது எல்லாமே மசித்துத்தான் இறங்குகிறது; எடை 6 கிலோ குறைந்துவிட்டது.

'பதற்றத்தால் வரும் தொண்டை உருண்டை' என்று இணையத்தில் படித்து முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த உருண்டை சும்மா இருக்கும்போது தெரியும், சாப்பிட்டால் மறைந்துவிடும். உங்களுக்குச் சாப்பிடும்போதுதானே சிக்குகிறது! உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும் தசைக்குழாய். கணிசமாகக் குறுகிய பிறகுதான் கெட்டியான உணவு நிற்கும். முதலில் கெட்டியானது, பிறகு மசித்தது என்று சிக்குவது படிப்படியாகக் கூடினால் காத்திருக்கவே கூடாது.

புற்றுநோயா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் இருக்கிறது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெகுநாள் அமிலப் புண் ஆறிய தழும்பாலும் குழாய் சுருங்கும்; அதைப் பலூன் வைத்து விரித்துவிடலாம். உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை தளராத அகலேசியா என்ற நோய் என்றால் ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் சேர்ந்து நிற்கும். அதற்கும் சிகிச்சை உண்டு. புற்றுநோயாகவே இருந்தாலும் இன்று கண்டுபிடிப்பதும் ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

இதையெல்லாம் கடிதத்தைப் படித்துச் சொல்லிவிட முடியாது. எண்டோஸ்கோபி செய்து, சந்தேகமான இடத்தில் துணுக்குத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். தொண்டையை மரத்துப்போகச் செய்து மெல்லிய குழாயை விடுவார்கள். பெரும்பாலும் 10, 15 நிமிட வேலை. மூச்சு அடைக்காது, குழாய் போகும் வழி வேறு. இந்த வாரமே குடல், இரைப்பை மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், இரண்டு மாதமாக நீங்களே வாங்கி விழுங்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. எனக்குக் கோபம் வருவது இதில்தான். எரிச்சல் அடங்கியதும் நோய் அடங்கியதாக நினைத்துவிட்டீர்கள். கவளம் மட்டும் சிக்கிக்கொண்டே இருக்கிறது. மாத்திரையின் பெயரையும் எத்தனை நாளாக எடுக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதனையில் தெரிவதைக்கூட அது மங்கவைக்கும்.

அதற்குள் உணவு அடைத்து எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.