நேராக மோதி முன்பக்கம் கோணிப்போன ஸ்ப்ளெண்டரை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேட்டிருப்பது இது: சென்டர் மீடியனில் நேராக மோதிய பழைய ஸ்ப்ளெண்டர். ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது, முன் டயர் இன்ஜின் ஹெட்டில் உரசுகிறது, ஹெட்லைட் டூம் நொறுங்கிவிட்டது. மெக்கானிக் சொல்லும் தொகை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் ஸ்பேனர் செட் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

முடியும். ஆனால் ஹேண்டில் உட்காரும் அந்தக் குழாய், மெக்கானிக்குகள் 'நெக்' என்பார்களே, அது நேராக இருந்தால் மட்டும். அது கோணியிருந்தால் புது ஃபோர்க் (முன் வீலை இரு பக்கமும் தாங்கும் இரட்டைக் கால்), புது வீல் எது வாங்கிப் போட்டாலும் பணம் வீண், வண்டியும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பலர் செய்யும் தவறு, கண்ணுக்குத் தெரியும் உடைசலையெல்லாம் முதலில் வாங்கிவிடுவது. டூமும் இண்டிகேட்டரும் கடைசி வாரத்து வேலை. முதல் வேலை அளந்து பார்ப்பது.

அதற்கும் முன்னால் ஒன்று. சொந்த சேதத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருந்தால், சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். விபத்தில் யாருக்காவது அடிபட்டு போலீஸ் வழக்கு இருந்தால், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை வண்டி அப்படியே இருக்கட்டும். தேர்டு பார்ட்டி மட்டும்தான் என்றால் உங்கள் வண்டிக்கு எதுவும் கிடைக்காது, வேலையைத் தொடங்கலாம். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை முழுக்க வடித்து, வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டு வைக்கும் எண்ணமே வேண்டாம். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து.

இனி நெக். பின் வீலின் செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அதைச் சரிசெய்த பிறகுதான் அளவு. சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஒரு நீளமான கெட்டி நூலைப் பின் டயரின் பின்பக்கம் சுற்றி, இரு முனைகளையும் இரு பக்கமாக முன்னால் இழுங்கள். நூல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஸ்டாண்டிலோ சைலன்ஸரிலோ படாமல், பின் டயரின் இரு விளிம்புகளையும் தொட்டபடி போக வேண்டும். முன் வீலை நேராக வைத்தால் இரு பக்கமும் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி சமமாக வர வேண்டும். வரவில்லை என்பதற்காக உடனே மனம் தளர வேண்டாம், ஃபோர்க்கோ, அதன் இரு பைப்புகளையும் பிடித்து நெக்கோடு இணைக்கும் டி-யோ கோணியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். அதனால் ஃபோர்க்கையும் டி-யையும் (கழற்றும் வரிசை கீழே இருக்கிறது, அதை முதலில் படித்துவிடுங்கள்) கழற்றிவிட்டு, நேரான ஒரு நீள இரும்புப் பைப்பை நெக்குக்குள் ஆடாமல் நிறுத்தி, பத்தடி தள்ளி முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பைப்பும் பின் வீலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பைப் இடமோ வலமோ சாய்ந்து தெரிந்தால் நெக் முறுகியிருக்கிறது.

டேங்கைக் கழற்றியதும் நெக்கிலிருந்து கிளம்பும் பைப்புகளின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நேர் மோதலில் உலோகம் அங்கேதான் சுருங்கும். பெயின்ட் அலை அலையாக மடிந்து சிறு சிறு செதிலாக உதிர்ந்திருக்கும், விரலுக்கு ஒரு மேடு தட்டும். வெல்டிங் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்றறிய, அந்த இடத்துப் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவி இருபது நிமிடம் விடுங்கள். பிறகு துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் முடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு எழும்பும். கோடு தெரிந்தாலோ, மடிப்பு தட்டினாலோ, பைப் சாய்ந்தாலோ வீட்டு வேலை அங்கே முடிந்தது. சேஸ் பெண்ட் எடுக்கும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சேஸையே மாற்ற வேண்டும் என்றால் அதில் பொறித்த எண்ணும் மாறும், ஆர்டிஓ ஆபீஸில் பதியாமல் ஓட்டக்கூடாது. தெரு முனையில் கேஸ் வைத்துச் சூடாக்கி இழுத்துத் தருவதாகச் சொல்பவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். சூடேறிய இடம் பலம் இழக்கும், அடுத்த பெரிய பள்ளத்தில் அது தெரியவரும்.

நெக் நன்றாக இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஃபோர்க் பைப்பும் டி-யும்தான். ஃபோர்க்கைப் பிரிக்கும்போது வரிசை முக்கியம். வீலைக் கழற்றிய பின், ஃபோர்க் இன்னும் வண்டியில் இருக்கும்போதே அடியிலுள்ள ஆலன் போல்ட்டை (தலையில் அறுகோணக் குழி உள்ள போல்ட்) முதலில் தளர்த்துங்கள். மேல் போல்ட்டைக் கழற்றிய பிறகு ஆலனைத் திருப்பினால் உள்ளே இருக்கும் டேம்பர் ராடும் சேர்ந்து சுற்றும், போல்ட் வராது. மேல் போல்ட் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், கடைசி இழைகளில் முகத்தை விலக்கி, கையால் அமுக்கியபடி எடுங்கள்.

கழற்றிய பைப்பைச் சுத்தமாகத் துடைத்து, கனமான கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டுங்கள். நேரான பைப் சத்தமில்லாமல் உருளும். கோணியது ஒரு இடத்தில் நின்று, கையை விட்டதும் திரும்பி வரும். 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நடுவில் நுழைந்தால் அந்தப் பைப் வேண்டாம். கோணல் பெரும்பாலும் கீழ் டி-க்கு ஒட்டிக் கீழேதான் இருக்கும். பிரஸ்ஸில் வைத்து நேராக்கித் தருவார்கள்தான். ஆனால் வளைந்த இடத்தில் குரோம் மயிரிழையாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பு ஆயில் சீலை அறுக்கும், சில வாரத்தில் ஆயில் கசிந்து பிரேக் டிரம்முக்கு இறங்கும்.

டி கோணியிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை, புது ஃபோர்க் போட்ட பிறகும் ஹேண்டில் ஒரு பக்கம் நிற்பதற்குக் காரணம் அதுதான். நேரான இரண்டு பைப்புகளைக் கீழ் டி-யில் மாட்டி இறுக்கி, அந்தக் கண்ணாடியை இரண்டு பைப்பின்மேலும் குறுக்காகச் சாய்த்து வையுங்கள். நான்கு இடத்திலும் படிந்து உட்கார்ந்தால் சரி. மூலைக்கு மூலை ஆடினால் டி முறுகியிருக்கிறது. அதை நேராக்க முயல வேண்டாம், புதிது வாங்குங்கள். டி-யின் லாக் ஸ்டாப்பரும், சேஸில் அது முட்டும் இடமும் உடையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டாப்பர் இல்லாத ஹேண்டில் முழுக்கத் திரும்பும்போது டேங்கில் இடிக்கும், வயரையும் நசுக்கும்.

பிரித்தது பிரித்ததுதான், கோன்செட்டையும் (நெக்கில் ஹேண்டில் திரும்ப உதவும் பால், கிண்ணம் எல்லாம் சேர்ந்த செட்) மாற்றிவிடுங்கள். மோதலில் பால்கள் கிண்ணத்தில் குழி பதித்திருக்கும், அதனால்தான் ஹேண்டில் நடுவில் கடகடவென்று சிக்கும். கழற்றும்போது கீழே வெள்ளைத் துணி விரித்து, மேல் பால் எத்தனை, கீழ் பால் எத்தனை என்று எண்ணிவையுங்கள். புதிதில் கிரீஸை நிறைய அப்பி பால்களை ஒட்டவைத்தால் விழாது. இறுக்கத்தின் அளவு கையில்தான் தெரியும்: முன் வீலைத் தூக்கி நிறுத்தினால் லேசாகத் தட்டியதுமே ஹேண்டில் தானாக இரு பக்கமும் சாய வேண்டும், ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் டக் என்ற ஆட்டம் இருக்கக்கூடாது.

ஃபோர்க் ஆயிலை ஊகத்தில் ஊற்ற வேண்டாம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் மில்லி கணக்கு இருக்கும், பெரிய சிரிஞ்சால் அளந்து இரண்டு காலிலும் ஒரே அளவு ஊற்றுங்கள். அடி ஆலன் போல்ட்டின் செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும், பழையது கசியும். ஆயில் சீலைத் தட்டி இறக்க, சரியான அளவுள்ள பிவிசி பைப் துண்டு போதும்.

ஸ்போக் வீலாக இருந்தால் ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் நுனி ரிம்மை ஒட்டி நிற்கும்படி வெட்டிச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டிலும் மேல்கீழிலும் 2 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். ரிம் இடப்பக்கம் ஓடினால் அந்த இடத்தில் வலப்பக்க ஹப்புக்குப் போகும் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கத்துக் கம்பிகளை அதே அளவு தளர்த்துங்கள். ஒரே தடவையில் கூடுதலாக வேண்டாம், மறுபக்கம் கோட்டம் கிளம்பும். ரிம் ஒரு இடத்தில் தட்டையாக அமுங்கியிருந்தால் கம்பியால் அது வராது, ரிம் மாற்ற வேண்டும். புது ரிம்மில் கம்பி கோப்பதை மட்டும் வீல் வேலை தெரிந்த கடையில் கொடுங்கள். கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளுக்கு மேல் நீட்டும் கம்பி நுனியை அரத்தால் ராவாவிட்டால் டியூப் பஞ்சராகிக்கொண்டே இருக்கும். அலாய் வீலில் விரிசல் என்றால் வெல்டு வேண்டாம், மாற்றுவதுதான் வழி.

வண்டி பக்கவாட்டில் விழுந்திருந்தால் ஃபுட்ரெஸ்ட் ராடைப் பாருங்கள். 100 சிசி வண்டிகள் பலவற்றில் அது இன்ஜினுக்கு அடியில் போல்ட் போட்டு நிற்கிறது. ராடு வளைந்தது பெரிதல்ல, ஆனால் அந்த அடி நேராகப் போய் இன்ஜின் கேஸின் போல்ட் துளையில் விரிசல் விட்டிருக்கலாம். கியர் லீவர் உள்ளே மடிந்திருந்தால் ஷாஃப்ட் கோணியிருக்கலாம், சீல் வழியே ஆயில் சொட்டும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவு பார்த்து, இக்னிஷன் ஆஃபில் பிளக்கைக் கழற்றிவிட்டு ஐந்தாறு உதை கொடுங்கள். இன்ஜினுக்குள் ஆயிலோ பெட்ரோலோ தேங்கியிருந்தால் பிளக் துளை வழியே வெளியேறிவிடும்.

வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்த வேண்டாம், புதிதே வாங்கிவிடலாம். டூமுக்குள் இருக்கும் வயர்கள் நெக் பக்கம் நசுங்கியிருக்கும், உறை கிழிந்த இடத்தைச் சரிசெய்யாமல் ஃபியூஸ் போட்டால் அது போய்க்கொண்டே இருக்கும்.

டேங்க், சைடு கவர், மட்கார்டு எல்லாம் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம். ஃபோர்க் பைப், டி, ஆக்ஸில், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். அது இன்னொரு விபத்து வண்டியிலிருந்து கழன்றதாகத்தான் இருக்கும். மோதலில் தலை அடிபட்டிருந்தால் ஹெல்மெட்டும் புதிதாக வேண்டும், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே தெர்மோகோல் அமுங்கியிருக்கும்.

எல்லாம் மாட்டியதும் முதல் ஓட்டம் காலி மைதானத்தில், 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல். இரு கையும் ஹேண்டிலிலேயே இருக்கட்டும், பிடியை மட்டும் லேசாக்கினால் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். முன் பிரேக்கை மெல்லப் பிடிக்கும்போது நெக்கில் டக் என்று கேட்டால் கோன்செட் தளர்வு. 50 கிலோமீட்டர் ஓடியதும் ஆக்ஸில் நட்டு, டி போல்ட்டுகள், கோன்செட், ஸ்போக் கம்பிகள் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். கம்பியைத் திருப்புளியால் தட்டினால் டிங் என்று ஒலிக்க வேண்டும். டொக் என்பதைக் கால் சுற்று இறுக்கி, கேபிள் டை வைத்து மறுபடி சுற்றிப் பாருங்கள்.